வெளிச்சம் மலிவு, வெந்நீர்தான் விலை

முதலில் ஒரு கணக்கு. உங்கள் வீட்டுக் கூரையில் 50 வாட் சூரிய ஒளித் தகடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விரித்துப் பிடித்த நாளிதழ் எவ்வளவு பெரிதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். காலை முதல் மாலை வரை அதன்மேல் வெயில் படுகிறது. அந்த ஒரு நாள் மின்சாரத்தைக் கொண்டு எத்தனை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்?

இதைப் படிவம் 4 மாணவர்களிடம் கேட்டால் 20 லிட்டர் என்பார்கள், 50 என்பார்கள். "வீட்டில எல்லாரும் வெந்நீர்ல குளிக்கலாம் சார்" என்று ஒருவன் உறுதியாகச் சொன்னான். காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டு வர ஏறத்தாழ 294 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதாவது 82 வாட்-மணி. தகடு என்ன தருகிறது? மேகம், காலை மாலைச் சாய்வு வெயில் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால், நம் வட்டாரத்தில் ஒரு நாளுக்கு நான்கரை மணி நேர முழு வெயில் கிடைப்பதாகக் கொள்ளலாம். 50 வாட் பெருக்கல் நான்கரை, 225 வாட்-மணி. மின்கலத்திலும் கம்பியிலும் தூசியிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது 150. இரண்டு லிட்டர்கூட முழுதாகக் கொதிக்காது.

மாணவர்களின் முகம் வாடிவிட்டது. ஆனால் அதே 150 வாட்-மணியை வேறு மாதிரி செலவழித்துப் பாருங்கள். 3 வாட் எல்இடி விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிய 60 வாட்-மணி. இரண்டு கைப்பேசிகளுக்கு ஏற்ற 25. சின்னத் தொலைக்காட்சி ஒன்று மூன்று மணி நேரம் ஓட 45. மொத்தம் 130. ஒரு குடும்பத்தின் மாலைப்பொழுதே அதில் அடங்கிவிடுகிறது, இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது.

வெளிச்சத்துக்கு வேண்டிய ஆற்றல் மிகக் குறைவு. வெப்பத்துக்கு வேண்டியது மிக அதிகம். உலகின் எரிசக்திப் பிரச்சினையில் பாதி இந்த ஒரு வரியில் இருக்கிறது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நிலையான மேம்பாட்டு இலக்குகளில் ஏழாவது, 2030க்குள் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் தூய எரிசக்தி கிடைக்க வேண்டும் என்பது. 2023 நிலவரப்படி உலகில் மின்சாரமே இல்லாதவர்கள் ஏறத்தாழ 66 கோடி 60 லட்சம் பேர். தூய்மையான சமையல் வசதி இல்லாதவர்களோ 210 கோடி. இரண்டாவது எண் முதல் எண்ணைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் மேடைகளில், மாணவர்களின் கட்டுரைகளில், ஏன் நம் பாடப்புத்தகப் படங்களிலும்கூட, நாம் காண்பது முதலாவதைத்தான்: விளக்கடியில் படிக்கும் குழந்தை. புகையில் கண்ணைக் கசக்கும் தாய் அந்தப் படத்தில் இருப்பதில்லை.

இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் வங்காளதேசத்துக்குப் போக வேண்டும். நம் கட்டுமானத் தளங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் எத்தனையோ பேரின் ஊர் அது.

தவணையில் வந்த சூரியன்

2003ஆம் ஆண்டில் வங்காளதேசக் கிராம வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்கம்பி எட்டியிருக்கவில்லை. நாடே ஒரு கழிமுகம். ஆறுகள் நிலத்தைக் கூறு போட்டு வைத்திருக்கின்றன. ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் தோன்றும், சில ஆண்டுகளில் கரையும், அவற்றிலும் மக்கள் வசிப்பார்கள். அங்கெல்லாம் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க மின்வாரியத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. இரவில் மண்ணெண்ணெய் விளக்குதான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மின்சாரம் இல்லாத ஏழை எரிசக்திக்குப் பணமே செலவழிப்பதில்லை என்று நாம் நினைக்கிறோம். அவர் செலவழிக்கிறார், அதுவும் நம்மைவிட மோசமான விலையில். மண்ணெண்ணெய் எரியும்போது அதன் ஆற்றலில் ஏறத்தாழ எல்லாமே வெப்பமாகப் போய்விடுகிறது. ஒளியை லூமன் என்னும் அலகில் அளக்கிறோம். திரி விளக்கு ஒரு வாட் ஆற்றலுக்கு அரை லூமன்கூடத் தருவதில்லை. பழைய குண்டு பல்பு 10 முதல் 15 லூமன் தரும். எல்இடி 100 லூமனைத் தாண்டும். ஒரே அளவு ஒளிக்கு மண்ணெண்ணெய்க்காரர் எரிக்கும் ஆற்றல் நாம் எரிப்பதைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். மாதாமாதம் மண்ணெண்ணெய்க்கும், வானொலிக்கான உலர் மின்கலத்துக்கும், கைப்பேசியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் மின்னேற்றுவதற்கும் அவர் காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

வங்காளதேசம் பிடித்துக்கொண்டது அந்தக் காசைத்தான். அரசுக்குச் சொந்தமான இட்கோல் என்ற நிதி நிறுவனம் உலக வங்கியின் கடனுதவியோடு 2003இல் வீட்டுச் சூரிய மின்திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் ஏற்கனவே சிறுகடன் கொடுத்துப் பழகிய தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தகடுகள் விற்கப்பட்டன. அவற்றுள் பெரியது 1996இல் தொடங்கப்பட்ட கிராமீன் சக்தி. அதை வழிநடத்திய தீபால் பருவா 2009இல் முதலாவது சாயித் எரிசக்திப் பரிசைப் பெற்றார். வாங்குபவர் விலையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பணம் கட்டினால் போதும். மீதியை இரண்டு மூன்று ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்டலாம். தவணை, மண்ணெண்ணெய்க்குப் போய்க்கொண்டிருந்த தொகையை ஒட்டியே அமைந்தது. கடன் முடிந்ததும் தகடு சொந்தம், வெயில் இலவசம்.

மோட்டார் சைக்கிளைத் தவணையில் வாங்கிப் பழகிய நமக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. புதுமை வேறொன்றில் இருந்தது. தவணை வாங்க மாதந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்தவரே பழுது பார்ப்பவராகவும் இருந்தார். அன்றைய மின்கலம் கார்களில் இருப்பது போன்ற ஈய அமில வகை. அதை அடிமட்டம் வரை தீர்த்துத் தீர்த்துப் பயன்படுத்தினால் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிகம் கெட்டியாகப் படிந்து, கலம் சில மாதங்களிலேயே செத்துப்போகும். அதனால்தான் நடுவில் ஒரு மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி. அளவு குறைந்ததும் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தொலைக்காட்சித் தொடர் பாதியில் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? கருவியைத் தாண்டி நேராகக் கம்பியை இணைத்துக்கொள்வது எளிது. அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லவும், கலத்தில் வடித்த நீர் ஊற்றவும், உருகிக் கம்பியை மாற்றவும் ஒரு மனிதர் தேவைப்பட்டார். தகட்டுக்கு 20 ஆண்டு, மின்கலத்துக்கு 5 ஆண்டு, கட்டுப்பாட்டுக் கருவிக்கு 3 ஆண்டு உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. உத்தரவாதத்தைக் கேட்க ஆள் வேண்டுமே. கிராமீன் சக்தி ஊர்ப் பெண்களுக்கும் இந்த வேலையில் பயிற்சி கொடுத்தது.

2008க்குள் 50,000 வீடுகள் என்பது முதல் இலக்கு. 2005லேயே அதை எட்டிவிட்டார்கள். உச்சத்தில், 2013இல், மாதத்துக்கு 50,000க்கும் மேற்பட்ட வீடுகளில் தகடு ஏறியது. 2018இல் திட்டம் முடிந்தபோது கணக்கு 41 லட்சம் வீடுகள், ஏறத்தாழ 2 கோடி மக்கள். சிங்கப்பூரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

இந்த வெற்றிக்குத் தகட்டின் விலை வீழ்ச்சிதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். விலை வீழ்ந்தது உண்மை. 2003இல் ஒரு வாட்டுக்கு நான்கு அமெரிக்க டாலர் அளவில் இருந்தது, இன்று அரை டாலருக்கும் வெகு கீழே. ஆனால் என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் தகடு அல்ல, விளக்கு. தொடக்கத்தில் கொடுத்த குழல் விளக்குகள் ஒவ்வொன்றும் 6, 7 வாட் எடுத்துக்கொண்டன. எல்இடி வந்ததும் அதே வெளிச்சம் பாதி வாட்டில் கிடைத்தது. 50 வாட் தகடு செய்த வேலையை 20 வாட் தகடே செய்தது, மின்கலமும் சிறிதானது. முன்பு வாங்க இயலாதிருந்த அடுத்த படி ஏழைகளுக்கும் தவணை எட்டியது.

கம்பி வந்தது

பிறகு நடந்ததைப் பரிசு மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. அரசாங்கம் மின்கம்பிகளை எவரும் எதிர்பார்த்ததைவிட வேகமாக நீட்டியது. அதே வேளையில் சமூக நலத் திட்டத்தின் கீழ் ஏழை வீடுகளுக்குச் சூரியத் தகடுகளை இலவசமாகக் கொடுக்கவும் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கிடைப்பதற்கு நான் ஏன் தவணை கட்ட வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்புதானே. கட்டுவது நின்றது. தவணையை நம்பிக் கடன் வாங்கியிருந்த தொண்டு நிறுவனங்கள் தத்தளித்தன, கிளைகளை மூடின, பழுது பார்ப்பவர் வருவது நின்றது. இலவசத் தகடு கொடுத்ததைவிட, அதோடு அந்த மனிதரையும் இழந்ததுதான் பெரிய நட்டம் என்பேன்.

2022 மார்ச் 21 அன்று, நாடு முழுவதும் மின்சாரம் சென்று சேர்ந்துவிட்டதாக வங்காளதேச அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்த இடம் பாயிரா. அன்று அங்கே திறந்து வைக்கப்பட்டது 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம். எரிபொருள், இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி. நம் தீபகற்பத்து அனல்மின் நிலையங்களுக்கும் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்பதால் இதைக் கைநீட்டிக் குறைசொல்ல நமக்கு அவ்வளவாக உரிமை இல்லை. கம்பி வந்ததும் தகட்டைக் கழற்றிய குடும்பத்தையும் குறை சொல்ல முடியாது. 50 வாட் தகடு விளக்கு எரிக்கும். குளிர்பதனப் பெட்டியை ஓட்டாது, தையல் கடையின் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்காது.

ஆனால் நான்கே மாதத்தில் சிக்கல் வந்தது. உக்ரேன் போரால் ஐரோப்பா கிடைத்த எரிவாயுவையெல்லாம் வாங்கிக் குவிக்க, உலகச் சந்தையில் திரவ எரிவாயுவின் விலை எகிறியது. வங்காளதேசம் அன்றன்றைய விலையில் எரிவாயு வாங்குவதை நிறுத்தி, 2022 ஜூலை 19 முதல் நாடு முழுவதும் சுழற்சி முறையில் மின்வெட்டை அறிவித்தது. கம்பி இருந்தது, அதில் ஓட மின்சாரத்துக்குக் காசு இல்லை. கூரையில் தகடும் வேலை செய்யும் மின்கலமும் வைத்திருந்தவருக்கு அந்த இருட்டு பெரிதல்ல.

அடுப்படிக்கு வராத மாற்றம்

இத்தனை ஏற்ற இறக்கத்திலும் ஓரிடத்தில் மட்டும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தகடு இருந்தபோதும், கம்பி வந்தபோதும், பெரும்பாலான கிராமச் சமையலறைகளில் விறகும் சணல் குச்சியும் வைக்கோலும் காய்ந்த சாணியுமே எரிந்தன.

ஏன் என்பதற்கு நம் வீட்டு எரிவாயு தோம்பே சாட்சி. 14 கிலோ தோம்பு, உதவித்தொகை விலையில் 26 வெள்ளி 60 சென். அதற்குள் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 180 கிலோவாட்-மணி. ஒரு குடும்பத்துக்கு 35 நாள் வருகிறது என்று வைத்தால் ஒரு நாளுக்கு 5 கிலோவாட்-மணிக்கு மேல். அடுப்புச் சுடரில் பாதி வெப்பம் பாத்திரத்தைச் சேராமல் பக்கவாட்டில் போய்விடும் என்று கழித்தாலும் இரண்டரை மிஞ்சும். நம் 50 வாட் தகடு தந்தது 150 வாட்-மணி. ஆகவே சமைக்க மட்டும் அப்படிப்பட்ட தகடுகள் பதினாறு, பதினேழு வேண்டும். வீட்டுக்கு வெளிச்சம் தந்த தகட்டால் அடுப்பைத் தொடவே முடியவில்லை.

விறகுப் புகையில் உள்ள ஆபத்து கண்ணெரிச்சலோடு நிற்பதில்லை. முழுமையாக எரியாத விறகிலிருந்து கார்பன் மோனாக்சைடும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்துகள்களும் வெளிவருகின்றன. இந்தத் துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். விறகடுப்பு எரியும் அடைத்த சமையலறையில் அது பல நூறைத் தொடும், சில வேளை ஆயிரத்தையும். 2019 செப்டம்பரில் புகைமூட்டம் சூழ்ந்து காற்று மாசுக் குறியீடு 200ஐத் தாண்டியபோது நாம் பள்ளிகளை மூடினோம், முகக்கவரிக்கு அலைந்தோம். அது சில வாரங்கள். அந்தச் சமையலறைகளில் அது தினமும் இரண்டு வேளை, முதுகில் குழந்தையோடு. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள்.

தோட்டப்புற லயன் வீடுகளில் ஊதாங்குழல் பிடித்த பாட்டிமார்களின் இருமலை நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருப்போம். அதை வயதின் இருமல் என்றே நினைத்தோம்.

சரி, நல்ல அடுப்பு விற்றால் வாங்கமாட்டார்களா? வங்காளதேசக் கிராமங்களில் இதையே சோதித்துப் பார்த்தார்கள் கிராண்ட் மில்லர், முஷ்ஃபிக் மொபாரக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள். புகையைக் கூண்டு வழியே வெளியேற்றும் அடுப்பு ஒன்று. விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு இன்னொன்று. இலவசமாகத் தருகிறோம், எது வேண்டும் என்று கேட்டபோது, பெண்கள் ஆண்களைவிட அதிகமாகப் புகைக்கூண்டு அடுப்பை விரும்பினார்கள். சிறு தொகை ஒன்றைக் கேட்டதும் அந்த வேறுபாடு மறைந்தது. விருப்பம் அடுப்படியில் இருந்தது, பணப்பை சட்டைப் பையில் இருந்தது. தொலைக்காட்சியும் விளக்கும் வீட்டில் எல்லாருக்கும் பயன். அவற்றுக்குத் தவணை கட்ட ஆண் முன்வந்தார். புகை ஒருவருக்கு மட்டும்தானே.

இதில் ஒரு முரண் இருக்கிறது, எனக்கு இன்னும் தீராத முரண். சூரியத் தகட்டை இலவசமாகக் கொடுத்தது ஒரு நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தது. அடுப்புக்கு விலை வைத்ததோ அதை வேண்டியவரிடம் சேரவிடாமல் தடுத்தது. "இலவசம் கூடாது" என்றோ "எல்லாம் இலவசம்" என்றோ ஒரே விதியாகச் சொல்பவர்கள் இரண்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

எரிவாயு தோம்பு அங்கும் பரவி வருகிறது. புகை இல்லை என்பதால் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. புதைபடிவ எரிபொருள் என்பதற்காக அதை மறுப்பது, தோம்பில் சமைத்துக்கொண்டே நாம் செய்யக்கூடாத காரியம். ஆனால் அங்கே 12 கிலோ தோம்பின் விலையை எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மாதாமாதம் நிர்ணயிக்கிறது. சவூதி அராம்கோவின் மாத விலை ஏறினால் இதுவும் ஏறும். ஏறிய மாதத்தில் தோம்பு ஓரமாக நிற்கும், விறகு மறுபடி எரியும்.

இன்னொரு வழி, வெப்பத்தின் தேவையையே குறைப்பது. விளக்குக்கு எல்இடி செய்ததை அடுப்புக்குச் செய்வது. தண்ணீரைக் கொதிக்க வைக்கும் 82 வாட்-மணியை யாராலும் குறைக்க முடியாது, அது இயற்கையின் கணக்கு. ஆனால் சமையலில் பெரும்பகுதி ஆற்றல் கொதிக்க வைப்பதில் போவதில்லை. கொதித்த பிறகு மணிக்கணக்கில் அதே சூட்டில் வைத்திருப்பதில், அதாவது காற்றுக்குப் போகும் வெப்பத்தை ஈடுசெய்வதில்தான் போகிறது. மின் அழுத்தக் குக்கர் இரண்டு வகையில் இதைத் தடுக்கிறது. சுற்றிலும் காப்பு இருப்பதால் வெப்பம் கசிவது குறைவு. மூடிய அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரியை நெருங்குவதால் பயறும் இறைச்சியும் சீக்கிரம் வேகும். திறந்த மின் அடுப்பில் வேகவைப்பதைவிடப் பாதிக்கும் குறைவான மின்சாரமே போதும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் ஓர் ஆய்வுத் திட்டம், ஆப்பிரிக்க, ஆசியச் சமையல்களில் இதைத்தான் சோதித்து வருகிறது. மின்கம்பி ஏற்கனவே வந்துவிட்ட வங்காளதேசம் போன்ற நாட்டுக்கு இது பொருந்தும், மின்வெட்டு இல்லாதவரை.

கம்பி இல்லாத இடத்துக்கு, கலிஃபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் இன்னும் எளிய ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள். மின்கலம் இல்லை. 100 வாட் தகட்டிலிருந்து வரும் கம்பி, நேராக ஒரு பானையின் அடியில் உள்ள வெப்பச் சுருளுக்குப் போகிறது. பானையைச் சுற்றிக் கெட்டியான காப்பு. 100 வாட் என்பது பழைய குண்டு பல்பு ஒன்றின் சூடுதான். திறந்த பாத்திரத்தில் அது தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரவே திணறும். காப்பு இருந்தால் வெப்பம் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். நாளுக்கு 400, 500 வாட்-மணி. காலையில் பயறும் தண்ணீரும் போட்டு மூடிவிட்டு வயலுக்குப் போனால், மதியம் திரும்பும்போது வெந்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கும் காப்பு சூட்டைக் காத்துத் தரும். விடாமல் மழை பெய்யும் ஆடி ஆவணியில் மட்டும், பழைய அடுப்பைத்தான் மூட்ட வேண்டியிருக்கும்.